பச்சை நரகத்தில் ஒரு சுற்று

நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை வீட்டு அறையிலேயே மனப்பாடம் செய்துவிடலாம். பயத்தை?

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில் ஐஃபெல் மலைத்தொடர். அங்கே ஒரு குன்றின் உச்சியில் இடிந்த கோட்டை. அந்தக் கோட்டையையும் அடிவாரத்து நூர்பர்க் கிராமத்தையும் வளைத்தபடி காட்டுக்குள் ஓடுகிறது ஒரு தார்ச்சாலை. நீளம் 20.8 கிலோமீட்டர், வளைவுகள் 73. உச்சிக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 300 மீட்டர். வறுமையில் வாடிய பிரதேசத்துக்கு வேலை தருவதற்காக 1925-ல் தொடங்கி 1927-ல் திறக்கப்பட்ட பாதை இது. மூன்று முறை உலக சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் இதற்கு வைத்த பெயர்: பச்சை நரகம்.

இந்த நரகத்துக்குப் போக இன்று விசா வேண்டாம். ஒரு கம்ப்யூட்டர், மேஜையில் இறுக்கிய ஸ்டீயரிங், காலடியில் பெடல்கள் போதும். 1998-ல் வந்த 'கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்' விளையாட்டு, 1967-ம் ஆண்டுப் பாதையைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2004-ல் 'கிரான் டூரிஸ்மோ 4' அதை வீடுகளுக்குள் பரப்பியது. 2015-ல் லேசர் கருவியால் அளந்த பாதையே திரைக்கு வந்துவிட்டது. சாலையின் சின்னஞ்சிறு மேடு பள்ளங்கள்கூடத் தப்பவில்லை.

சாதாரணப் பந்தயப் பாதை நான்கைந்து கிலோமீட்டர்தான். ஒரு மாலைப் பொழுதில் பழகிவிடும். இங்கே ஒரு வளைவில் தவறினால், அதைத் திருத்திக்கொள்ள அடுத்த வாய்ப்பு எட்டொன்பது நிமிடம் கழித்தே வரும். அதற்குள் மற்ற வளைவுகள் மறந்திருக்கும். எனவே, செய்யுளை அடி அடியாகப் படிப்பது போலப் பாதையைத் துண்டு துண்டாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

பாதி வளைவுகளில் எதிரே இருப்பது தெரியாது. ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் சாலை வானத்தோடு முடிவது போலிருக்கும்; ஏறியதும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். ஃபுக்ஸ்ரோரே, செங்குத்தாக இறங்கி அடியில் சட்டென்று மேலேறும் பள்ளம். அந்த வேகத்திலேயே போனால் அடுத்து வரும் அடேனாவ் காட்டு வளைவு புல்தரையில் தள்ளிவிடும். காரசல் என்ற கான்கிரீட் கிண்ணத்துக்குள் நுழைவது எங்கே என்று மேட்டுக்கு இப்பால் தெரியாது. 'உயரமான மரத்தைப் பார்த்துத் திருப்பு' என்பது பழைய ஓட்டுநர்கள் சொல்லி வந்த வழி.

இதையெல்லாம் திரை கற்றுத் தருகிறது. ஸ்டீயரிங் கையை உதறுகிறது, டயர் கதறுகிறது. ஆனால் பள்ளத்தின் அடியில் உடம்பு இருக்கைக்குள் அழுந்துவதில்லை. மோதினால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கார் புதிதாகி நிற்கும்.

அந்தப் பொத்தான் இல்லாத பாதையின் சரித்திரம் வேறு. 1975-ல் இங்கே ஏழு நிமிடத்துக்குள் சுற்றிய முதல் மனிதர் நிக்கி லாடா. பாதையை நன்றாக அறிந்த அவரே அடுத்த ஆண்டு, இங்கே பந்தயம் வேண்டாம் என்றார். சக ஓட்டுநர்களின் வாக்கெடுப்பில் தோற்றார். 1976 ஆகஸ்ட் 1 அன்று பெர்க்வெர்க் வளைவுக்கு அருகே அவரது ஃபெராரி மோதித் தீப்பிடித்தது. பாதையின் நீளம் உதவிக்கு எதிரி. அவரை நெருப்பிலிருந்து இழுத்தவர்கள் பின்னால் வந்த ஓட்டுநர்கள்தான். ஆறே வாரத்தில் தீக்காயங்களோடு அவர் பந்தயத்துக்குத் திரும்பினார். ஃபார்முலா ஒன் இந்தப் பாதைக்குத் திரும்பவேயில்லை.

திரையில் பழகியவர்களுக்கும் மலை சலுகை தரவில்லை. 'கிரான் டூரிஸ்மோ' போட்டியில் 2011-ல் வென்று நிஜ ஓட்டுநரானவர் பிரிட்டனின் ஜேன் மார்டன்பரோ. 2015 மார்ச்சில் ஃப்ளூக்பிளாட்ஸ் மேட்டில் அவரது நிஸானின் மூக்கு காற்றில் தூக்கிக்கொண்டது. கார் வேலியைத் தாண்டியது. வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் இறந்தார். அந்த ஆண்டு பாதையின் சில பகுதிகளில் வேகக் கட்டுப்பாடு வந்தது; பின்னர் அந்த மேட்டைச் சமப்படுத்தினார்கள்.

அதற்காகத் திரைப் பயிற்சி வீண் என்று சொல்லிவிட முடியாது. 2025 செப்டம்பரில் நான்கு முறை உலக சாம்பியனான மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் இங்கே நான்கு மணி நேரப் பந்தயத்தில் வென்றார். கம்ப்யூட்டர் பந்தயத்தில் ஊறியவர் அவர். காரைப் பகிர்ந்துகொண்ட கிறிஸ் லுல்ஹாமும் அப்படியே. ஆனால் அந்தச் சாம்பியனும், முதலில் வேகம் குறைந்த காரில் ஓட்டிக் காட்டி அனுமதிச் சீட்டு வாங்கிய பிறகே பெரிய காரில் ஏற முடிந்தது.

பந்தயம் இல்லாத பல நாட்களில் கட்டணம் செலுத்தினால் யாரும் சொந்தக் காரில் இங்கே ஒரு சுற்று போகலாம். திரையில் நூறு முறை சுற்றியவர்களும் வருகிறார்கள். மேட்டுக்கு அப்பால் சாலை எந்தப் பக்கம் திரும்பும் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே எண்ணெய் சிந்தியிருக்கிறதா, ஒரு கார் நின்றுபோயிருக்கிறதா, ஒரு பக்கம் வெயிலடிக்க மறுபக்கம் மழை பெய்கிறதா என்பது தெரியாது. முதல் சுற்றை நிதானமாகப் போகும்படிதான் இங்கே பழகியவர்கள் சொல்கிறார்கள்.