அடுப்பில்லாத அறை

எங்கள் ஊர் வளவனூரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். படுக்கிற இடத்துக்கு லாட்ஜ் என்று வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லும்போது பெரியவர்கள் குரலைச் சற்றுத் தாழ்த்திக் கொள்வார்கள். கௌரவமான மனிதர்கள் வெளியூர் போனால் உறவினர் வீட்டில் தங்க வேண்டும். உறவினர் இல்லாத ஊரானால் சத்திரம். சத்திரமும் இல்லாத ஊருக்குப் போக வேண்டிய அவசியம்தான் என்ன என்பது எங்கள் தாத்தா காலத்துத் தர்க்கம். ஆகையால், "சிங்கப்பூரில் நல்ல ஹோட்டலாகப் பார்க்க வேண்டும்" என்று நான் ஒரு நாள் ராத்திரி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னபோது, என் தாயார் கேட்ட கேள்வியில் தப்பு ஒன்றும் இல்லை.

"ஏழு நாளும் ஹோட்டல்லயாடா படுக்கணும்? இலையெல்லாம் எடுத்துப் பெருக்கின அப்புறமாவா?"

பிள்ளைகள் இரண்டும் விழுந்து விழுந்து சிரித்தன. நான் சிரிக்கவில்லை. சாப்பாடு வேறு, படுக்கை வேறு என்ற பேதம் பெரிய பெரிய மனிதர்களுக்கும் தோன்றியிருக்கிறது. சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஹோட்டல் என்று ஒன்று உண்டு. ஆர்மீனியர்களான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887-ல் ஆரம்பித்தது. 1889-ல் அந்தப் பக்கம் வந்த ருட்யார்ட் கிப்ளிங், அங்கே சாப்பாடு எவ்வளவு உயர்வோ அறைகள் அவ்வளவு மட்டம் என்றும், சாப்பிடுவதை இங்கே வைத்துக்கொண்டு தூக்கத்தை வேறொரு ஹோட்டலில் வைத்துக்கொள்ளலாம் என்றும் எழுதி வைத்தார். ஹோட்டல்காரர்கள் சாமர்த்தியசாலிகள். சாப்பாட்டைப் பற்றிய பாதியை எடுத்து விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்கள். தூக்கத்தைப் பற்றிய பாதி காணாமல் போயிற்று. ஹோட்டல் விளம்பரங்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை. அந்த ஹோட்டலில் தங்கின எழுத்தாளர்களின் பெயரை இன்று அறைகளுக்கு வைத்திருக்கிறார்கள். நானும் எழுத்தாளன்தான். ஆனால் அங்கே ஓர் இரவுக்குக் கேட்கிற தொகையைப் பார்த்தால், நான் பெயரை வேண்டுமானால் கொடுத்துவிட்டு வரலாம்.

பிரயாணத்துக்குப் பணம் வந்த வகையைச் சொல்லிவிடுகிறேன். என்னுடைய பழைய நாவல்கள் இரண்டை ஒரு பதிப்பாளர் மறுபதிப்புப் போட்டார். அதில் விசேஷம் இல்லை. பேசின தொகையைப் பேசின தேதியில் கொடுத்தும்விட்டார்! இந்த ஆச்சரியத்தைக் கொண்டாடாமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது. சிங்கப்பூர் என்று முடிவானதற்குக் காரணம் என் தாயார். அவளுடைய சின்ன மாமா அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் போனவர். 1926-ல் கட்டின கப்பல். சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்குமாக ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடி நம்மவர்களைச் சுமந்தது. மாமாவின் கடிதங்களில் 'சிராங்கூன் ரோடு' என்று விலாசம் இருக்குமாம். அந்தத் தெருவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது எழுபத்தொரு வயதில் அவளுக்கு இருக்கிற ஒரே லௌகிக ஆசை.

அந்த நாளில் நம்மவர்கள் அங்கே ஹோட்டல் தேடின மாதிரித் தெரியவில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் நகரத்தாருடைய கிட்டங்கிகள் இருந்தன. பகலில் பெட்டியடியில் உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல், இரவில் அதே கூடத்தில் பாய். எங்கள் சின்ன மாமாவுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. துணிக்கடையில் வேலை, கடையைச் சாத்தினபின் மூட்டைகளுக்கு நடுவே படுக்கை. சமையல் முறை வைத்துச் செய்வார்களாம். இந்தக் கடைசி விஷயத்தை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விழுப்புரத்தில் ஒரு பிரயாண ஏஜெண்டைப் போய்ப் பார்த்தேன். எத்தனை பேர் என்று கேட்டார். தாயார், நான், மனைவி, பதினாறு வயதுப் பையன், பதினொரு வயதுப் பெண், ஆக ஐந்து பேர் என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. "ஐந்து ஒரு கெட்ட நம்பர் சார்" என்றார். சோதிடம் பேசுகிறாரோ என்று பார்த்தேன். அப்படியில்லை. சிங்கப்பூரில் இடம் சொற்பம். சாதாரண அறையில் இரண்டு பேர், மிஞ்சினால் கூட ஒரு குழந்தை. நம் வீட்டுக் கல்யாணங்களில் ஓர் அறைக்குப் பதினான்கு பேரை அடைத்து, மேற்கொண்டு இரண்டு தலையணையும் கேட்கிற வழக்கமெல்லாம் அங்கே செல்லாது. ஆகவே இரண்டு அறைகள். இரண்டு அறை என்றவுடன் எந்த அறையில் யார் என்ற பிரச்னை. என் தாயாரைத் தனியே படுக்க வைக்க முடியாது. பையனைத் தனியே விட்டால் விடிய விடிய விளக்கு எரியும். அடுத்தடுத்த அறைகளாக, உள்ளே கதவு வைத்ததாக இருந்தால் நலம். அப்படி வேண்டும் என்பதை முதலிலேயே எழுதிக் கேட்டு, பதிலும் எழுத்தில் வாங்க வேண்டும். 'முயற்சி செய்கிறோம்' என்று பதில் வந்தால் ஒன்று நாலாம் மாடி, மற்றது ஒன்பதாம் மாடி என்று அர்த்தம்.

ஏஜெண்ட் காட்டின படங்கள் பிரமாதமாக இருந்தன. எல்லா அறையும் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபம் அளவுக்குத் தெரிந்தன. படத்தை நம்பாதீர்கள், சதுர மீட்டர் எத்தனை என்று பாருங்கள். பன்னிரண்டு என்று போட்டிருந்தால், பெட்டியைத் திறந்து வைத்தபின் மனிதர்கள் கட்டில்மேல்தான் நடமாட வேண்டும். அதைவிட முக்கியமான விஷயம், ஜன்னல். சிங்கப்பூரில் மலிவான ஹோட்டல்கள் பலவற்றில் ஜன்னலே இல்லாத அறைகள் உண்டு. படத்தில் ஒரு திரைச்சீலை அழகாகத் தொங்கும். அதை விலக்கினால் சுவர்! வேப்பமரக் காற்றில் படுத்துப் பழகின என் தாயாரை அப்படி ஓர் அறையில் வைத்தால், மறுநாள் காலை சின்ன மாமாவின் தெருவைப் பார்க்காமலே ஊர் திரும்பலாம் என்பாள்.

விலையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 200 வெள்ளி என்று போட்டு, பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்கள். (அங்கே டாலரை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், கேட்கவே நன்றாக இருக்கிறது.) முதல் கூட்டல், சேவைக் கட்டணம் நூற்றுக்கு 10. இரண்டாவது கூட்டல், சர்க்கார் வரி. 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 9. வரியைச் சேவைக் கட்டணத்துக்கும் சேர்த்துப் போடுவார்கள். கணக்குப் பார்த்தால் 200 வெள்ளி அறை 239 வெள்ளி 80 காசு ஆகிறது. இரண்டு அறை, ஏழு இரவு என்று பெருக்கிப் பார்த்தபின் எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

பட்டியலில் எல்லாவற்றிலும் மலிவானது கேலாங் என்ற பகுதியில் இருந்தது. நல்ல வேளையாக, என் கதைகளைப் படிக்கிற சிங்கப்பூர் நண்பர் ஒருவர் தொலைபேசியில், "சாப்பாட்டுக்கு வேண்டுமானால் அங்கே போங்கள், குடும்பத்தோடு தங்க வேண்டாம்" என்றார். அங்கே சில சந்துகளில் சர்க்கார் கண்காணிப்பிலேயே நடக்கிற தொழில் ஒன்று இருக்கிறது. இதற்கு மேல் விவரிக்க அவசியமில்லை. என் பையனோ, ஐம்பத்தேழு மாடிக்கு மேலே நீச்சல் குளம் வைத்த மரீனா பே ஹோட்டலில்தான் நிற்கிறான். 2010-ல் திறந்தது. குளத்தின் படத்தைக் கைப்பேசியில் காட்டினான். விலையை மட்டும் கட்டை விரலால் மறைத்துக்கொண்டான்.

இந்தச் சமயத்தில்தான் என் மாமன் மகன் ஒருவன், சென்னையில் இருப்பவன், அற்புதமான யோசனை ஒன்று சொன்னான். ஹோட்டல் எதற்கு? வீடு மாதிரியே இருக்கும் சர்வீஸ் அபார்ட்மெண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ தெரிந்தவர் வீட்டில் ஒரு வாரம் வாடகைக்கு இருக்கலாமே என்றால் அங்கே சட்டம் இடம் கொடுக்காது. தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைந்து விடக்கூடாது. இந்த அபார்ட்மெண்டுகளை மட்டும் ஏழு நாள் முதற்கொண்டு கொடுக்கலாம். நாம் போவது சரியாக ஏழு இரவு. இரண்டு படுக்கையறை, கூடம், துணி துவைக்கிற மெஷின், குளிர்சாதனப் பெட்டி, மின்சார அடுப்பு, பாத்திரங்கள் முதல் சகலமும் உண்டு. டெக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காய் வரைக்கும் கிடைக்கிறது. இரண்டு அறை வாடகையிலும் மிச்சம், சாப்பாட்டுச் செலவிலும் மிச்சம்.

எல்லோருக்கும் பிடித்துவிட்டது. "வெளிச் சாப்பாடு எனக்கு வயித்துக்கு ஒத்துக்காது. இதுதான் சரி" என்றாள் தாயார். பெண் குழந்தை மெஷினைப் பற்றிக் கேட்டாள். நான் காகிதத்தில் மிச்சத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி மட்டும் உள்ளே பால் காய்ச்சிக்கொண்டிருந்தவள், பொங்கி வந்த பாலை இறக்கி வைத்துவிட்டு நிலைப்படிக்கு வந்தாள்.

"சிங்கப்பூர் அடுப்பு எப்படி இருக்கும்னு பார்க்கவாங்க நான் அங்க வரணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. விவரம் தெரிந்துகொள்கிறவள் மாதிரிதான் கேட்டாள்.

எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அதற்குள் நாங்கள் போன ஊர்களை நினைத்துப் பார்த்தேன். திருப்பதிக்குப் போனோம், கையோடு ஸ்டவ் வந்தது. திருச்செந்தூருக்குப் போனோம், ஸ்டவ்வோடு குக்கரும் வந்தது. கொடைக்கானலில் வீடு எடுத்து மூன்று நாள் இருந்தோம்; ஏரியை அவள் அதிகம் பார்த்தது சமையலறை ஜன்னல் வழியாக. குடும்பங்களில் எல்லாம் இப்படித்தான். ஓய்வுக்குப் போகிறோம் என்கிறோம். அலுவலகம் கூடவே வருவதில்லை, பள்ளிக்கூடம் வருவதில்லை. சமையலறை மட்டும் டிக்கெட் இல்லாமல் வந்துவிடுகிறது. சின்ன மாமாவின் துணிக்கடையிலாவது முறை வைத்துச் சமைத்தார்கள்.

காகிதத்தில் இருந்த மிச்சத் தொகையை மறுபடியும் பார்த்தேன். ஐந்து பேருக்கு, ஏழு நாளைக்கு, காலையும் இரவும் பதினாலு வேளைச் சமையல். அந்நிய தேசத்தில் ஒரு சமையல்காரியை அமர்த்தினால் என்ன கேட்பாள்? ஏறக்குறைய அந்தத் தொகையைத்தான் கேட்பாள். அதை மிச்சம் என்று சொல்வது பாஷையைத் துர்உபயோகம் செய்வது. அவளுக்குக் கொடுக்காமல் விடுகிற கூலி என்று சொல்ல வேண்டும். ஹோட்டல்காரர்கள் தங்கள் வசதிகளை வரிசையாக அச்சிடுகிறார்கள். தலையாய வசதியை ஒருவரும் அச்சிடுவதில்லை: அறைக்குள் அடுப்பு கிடையாது, சமைத்தால் அபாயமணி அடிக்கும்!

ஆனால் தாயாருடைய வயிறும் நிஜம்தானே. அதற்குப் பரிகாரம் இடத்தில் இருந்தது. சிராங்கூன் ரோட்டிலேயே, வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் சீனிவாசப் பெருமாள் கோயிலுக்கும் நடந்து போகிற தூரத்தில் ஹோட்டல் பார்த்தால், மாடியை விட்டு இறங்கினால் இட்லி. கோமள விலாஸ் அங்கே 1947 முதல் நடக்கிறது. பையன் ஆட்சேபித்தான். "சிங்கப்பூர் போயும் இட்லிக் கடைக்குப் பக்கத்திலயாப்பா? அதுக்கு வளவனூர்லயே இருந்துடலாமே!" நியாயமான கேள்வி என்று ஒப்புக்கொள்கிறேன். ரயில் படத்தை விரித்துக் காட்டினேன். லிட்டில் இந்தியா ஸ்டேஷனிலிருந்து அவனுடைய குளத்து ஹோட்டல் இருக்கிற பேஃபிரண்ட் நாலாவது நிறுத்தம். செந்தோசாத் தீவுக்குப் போகிற துறைமுக முனை வேறொரு லைனில் ஐந்தாவது நிறுத்தம். விழுப்புரத்துக்கு நாம் பஸ்ஸில் போகிற நேரம்கூட ஆகாது. அரை மனதாக இறங்கி வந்தான்.

அந்தத் தெருக்களில் பழைய கடைவீடுகளை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். பார்க்க லட்சணமாக இருக்கும். சிலவற்றில் லிஃப்ட் இராது. முழங்கால் வலிக்காரர்கள் அதை முதலில் கேட்க வேண்டும். நான் நாலு ஹோட்டல்களுக்கு ஒரே மாதிரிக் கேள்விகள் எழுதினேன். லிஃப்ட் உண்டா, அது தெருத்தளத்திலிருந்தே புறப்படுகிறதா, ஜன்னல் திறக்குமா, குளியலறையில் வழுக்காத தரையா, கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்கிறதா (இதைக் கேட்க வெட்கப்படுகிறவர்கள் அங்கே போய்ச் சொம்பு தேடுவார்கள்). இரண்டு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் வர்ணப் படங்கள் அனுப்பினார். ஒருவர்தான் ஒவ்வொரு கேள்விக்கும் எண் போட்டு, ஜன்னல் நான்கு விரற்கடைதான் திறக்கும் என்பது உட்பட, எழுதினார். அவருக்கே பணத்தை அனுப்பினேன்.

இன்னும் ஒன்று. சென்னையிலிருந்து ராத்திரி விமானம் நாலு மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முந்தி. விடிகிற வேளைக்குப் போய் இறங்கினால், அறை கொடுப்பது பிற்பகல் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோதான். அதுவரை ஒரு வயோதிக ஸ்திரீயைச் சோபாவில் உட்கார்த்தி வைக்க முடியுமா? இரண்டு அறையில் ஒன்றை மட்டும் முந்தின இரவிலிருந்தே எடுத்தேன். காலி அறைக்கு ஓர் இரவு வாடகை கொடுக்கிறாயே என்று மாமன் மகன் கேட்டான். கொடுத்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் பெட்டி அடுக்கும்போது, தாயாருடைய புடவைகளுக்கு நடுவே சின்ன ரைஸ் குக்கரும் ஒரு பொட்டலம் ரசப்பொடியும் அகப்பட்டன. என் மனைவி அவற்றை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பரண்மேல் வைத்துவிட்டு வந்தாள். தாயாரும் ஒன்றும் சொல்லவில்லை. கூடத்தில் கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "ரசப்பொடியாவது இருக்கட்டுமேம்மா, வயித்துக்கு நல்லது" என்றாள் தாயார். "வெந்நீர் கெட்டில் ரூம்லயே இருக்காம் அத்தை. கரைச்சுக் குடிச்சுக்கலாம்" என்று பொட்டலத்தை மட்டும் திரும்பக் கொண்டுவந்து வைத்தாள்.

சிங்கப்பூரில் இரண்டாம் நாள் காலை எனக்கு விழிப்பு வந்தபோது நல்ல இருட்டு. என் மனைவி பழக்க தோஷத்தில் நம்மூர்ப் பொழுதுக்கே எழுந்து, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தெருவில் ஒரு கடையின் முன்னால் யாரோ தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றே?" என்றேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள்.

எட்டரை மணிக்கு மேல் எல்லோரும் இறங்கிப் போய் இட்லி சாப்பிட்டோம். சட்னியில் காரம் போதாது என்று தாயார் அபிப்பிராயப்பட்டாள்.