உதிரிப்பூவும் பூச்சரமும்



நிரலாக்கத்தைத் தமிழில் கற்பிக்கும்போது சில கலைச்சொற்கள் பேருதவி புரிகின்றன. ‘ஸ்ட்ரிங்’ என்பதை நாம் ‘சரம்’ என்கிறோம். ‘அரே’ என்பதை ‘அணி’ என்கிறோம். அணி என்பது வரிசையாக எண்ணிட்ட அறைகளில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே வைத்திருப்பது. சரம் என்பது எழுத்துகளைத் தொடுத்து ஒன்றாக்கியது. தட்டில் கிடக்கும் உதிரிப்பூக்களுக்கும் நூலில் கட்டிய பூச்சரத்துக்கும் உள்ள வேறுபாடுதான். ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இதை விளக்க எனக்கு அரை நிமிடம்கூடத் தேவைப்படவில்லை. ஆங்கிலச் சொல்லை வைத்து விளக்கியிருந்தால் ஒரு பாடவேளை போயிருக்கும்.

ஆனால், உதிரிப்பூக்களை யாரும் கட்டச் சொல்லாதபோதே அவை சரமாகிவிட்டால்? ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் அதுதான் நிகழ்கிறது. 1995ஆம் ஆண்டு நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாள்களில் முதல் வடிவத்தை உருவாக்கிய மொழி இது. எந்த இணைய உலாவியிலும் இயங்கும். எஃப்12 விசையை அழுத்திக் கன்சோல் பகுதிக்குச் சென்றால் போதும். வேறு மென்பொருள் நிறுவத் தேவையில்லை. பள்ளிக் கணினியறைக்கு இதைவிடச் சிக்கனமான கருவி எனக்குத் தெரியவில்லை.

எங்கள் கணினிக் கழகத்தில் ஒரு விதி உண்டு. விடையை முதலில் குறிப்பேட்டில் ஊகித்து எழுத வேண்டும். அதன் பிறகே விசையைத் தொட வேண்டும். பயிற்சிக் கழகத்தில் அறிவியல் கற்பித்தலுக்காக எங்களுக்குச் சொல்லித் தந்த முறைதான் இது. கணினிக்கு இன்னும் நன்றாகப் பொருந்துகிறது.

முதல் சோதனை எளிது. [72, 45, 8] என்ற அணியைச் சரமாக்கினால் என்ன வரும்? பெரும்பாலோர் அடைப்புக்குறிகளுடன் அப்படியே வரும் என்று எழுதினர். பைத்தான் மொழியில் அவ்வாறுதான் வரும். ஜாவாஸ்கிரிப்டிலோ 72,45,8 என்று மட்டுமே வந்தது. அடைப்புக்குறி இல்லை, இடைவெளியும் இல்லை. உறுப்புகளுக்கிடையே காற்புள்ளியை முடிச்சாகப் போட்டுத் தொடுத்துவிடுவது அம்மொழியின் வழக்கம்.

அடுத்து இரண்டு வகுப்புகளின் புள்ளிகளை ஓர் அணிக்குள் இரண்டு அணிகளாக வைத்தோம்: [[72, 45], [8]]. இதையும் சரமாக்கினோம். மீண்டும் 72,45,8. இரண்டு வகுப்புகள் ஒரே வகுப்பாகிவிட்டன! தேர்வுக்கு வராத மாணவருக்கு ‘நல்’ என்னும் வெறுமதிப்பைக் கொடுத்து [72, நல், 45] என்று வைத்தால் 72,,45 வருகிறது. ஒரே ஒரு ‘நல்’ மட்டும் உள்ள அணியும், ஒன்றுமே இல்லாத அணியும் வெற்றுச் சரமாகவே மாறுகின்றன. வராத மாணவர் ஒருவர் இருக்கும் வகுப்புக்கும், மாணவரே இல்லாத வகுப்புக்கும் வேறுபாடு இல்லை என்பது இதன் பொருள். வருகைப் பதிவேடு எழுதும் நாம் இதை ஒப்புவோமா?

[72, 45] என்பதையும் [8, 9] என்பதையும் கூட்டற்குறியால் இணைத்தபோது வகுப்பே சிரித்தது. வந்த விடை 72,458,9. முதல் சரத்தின் வாலும் இரண்டாம் சரத்தின் தலையும் ஒட்டிக்கொண்டு, நூற்றுக்கு 458 புள்ளிகள் பெற்ற ஒருவர் பிறந்துவிட்டார். அமைப்பு குலையாமல் சரமாக்க ‘ஜேசன்’ வடிவம் இருக்கிறது. அதில் அடைப்புக்குறிகளும் வெறுமதிப்பும் தம் இடத்திலேயே நிற்கும்.

சிரிக்க முடியாத சோதனை அதன் பிறகு வந்தது. 72, 100, 8, 45, 9 என்ற ஐந்து புள்ளிகளை அம்மொழியின் வரிசைப்படுத்தும் கட்டளையிடம் அப்படியே கொடுத்தோம். 100, 45, 72, 8, 9 என்று வரிசைப்படுத்தித் தந்தது. இங்கே முழு அணியும் சரமாவதில்லை. ஒப்பிடுவதற்காக உள்ளிருக்கும் ஒவ்வோர் எண்ணும் சரமாகிறது. அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் இலக்கத்தைப் பார்த்தே அடுக்குகிறது. ‘1’ முதலில், ‘4’ அடுத்து, ‘9’ கடைசியில். இந்தப் பட்டியலின் முதல் இருவரைக் குறைநீக்கல் வகுப்புக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். நூறு புள்ளி பெற்ற மாணவி அங்கே அமர்ந்திருப்பார். எட்டும் ஒன்பதும் பெற்ற இரு பிள்ளைகளும் வகுப்பின் முதல்வர்களாகி, உதவி கிடைக்காமல் இருந்துவிடுவார்கள். கணினி எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது. இரண்டு எண்களைக் கழித்துப் பார்த்து ஒப்பிடும்படி ஒரு சிறு செயற்கூற்றை உடன் கொடுத்தால் 8, 9, 45, 72, 100 என்று சரியாக வரும். சோதனைக்கு 72, 45, 88 போன்ற ஈரிலக்க எண்களை மட்டும் கொடுத்திருந்தால் இது வெளிப்பட்டே இருக்காது. ஆகவே, சோதனைக்குரிய எண்களைத் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை என்பேன்.

இதுவரை சொன்னவை எந்நாட்டுப் பள்ளிக்கும் பொதுவானவை. இனிச் சொல்லப்போவது தமிழ்ப்பள்ளிக்கே உரியது.

நிரலாக்கப் பயிற்சிகளில் தவறாமல் இடம்பெறும் ஒன்று, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் மாறாத சொல்லைக் கண்டுபிடிப்பது. சொல்லை எழுத்துகளாகப் பிரித்து அணியாக்கி, அணியைத் திருப்பி, மீண்டும் சரமாக்கி, பழைய சொல்லோடு ஒப்பிட வேண்டும். நம் மரபில் இதற்கு ‘மாலைமாற்று’ என்று பெயர். திருஞானசம்பந்தர் ஒரு பதிகமே அவ்வாறு பாடியிருக்கிறார். சரம் என்ற சொல்லுக்கு மாலைமாற்று எவ்வளவு பொருத்தம் பாருங்கள்! மாணவர்கள் ‘விகடகவி’ என்ற சொல்லை ஆவலோடு உள்ளிட்டனர். கணினி ‘இல்லை’ என்றது.

“ஐயா, அப்படியென்றால் விகடகவி மாலைமாற்றுச் சொல் இல்லையா?” என்று ஒரு மாணவி கேட்டார். அவர் குரலில் இருந்தது ஐயம் மட்டுமன்று. கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பணிவும் இருந்தது. அந்தப் பணிவுதான் எனக்கு அச்சத்தைத் தந்தது.

திருப்பிய சரத்தைத் திரையில் காட்டச் சொன்னேன். முதலில் துணையின்றி ஓர் இகரக் கொக்கி நின்றது. அடுத்து வ, க, ட. அதன் பிறகு ‘கி’, கடைசியில் ‘வ’. ‘வி’ என்பது நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடு முறையிலோ ‘வ’ ஒரு குறியீடு, கொக்கி இன்னொரு குறியீடு. ஐந்தெழுத்துச் சொல் ஏழு உறுப்புள்ள அணியாகிறது. திருப்பும்போது கொக்கி அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளம் கேட்டாலும் 3 வராது, 5 வரும். 247 எழுத்துகளுள் உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18 ஆக 31 மட்டுமே ஒற்றைக் குறியீட்டில் அடங்குபவை. எஞ்சிய 216 எழுத்துகளுக்கு ஒன்றுக்கு மேல் தேவை. (உயிர்மெய்யின் 216ஓடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டா, இது மெய் 18, அகரம் நீங்கிய உயிர்மெய் 198.)

சிறுவர்கள் பயன்படுத்தும் ஸ்கிராட்ச் 3.0உம் ஜாவாஸ்கிரிப்டில் எழுதப்பட்டதே. அதில் ஒரு பட்டியலைப் பேசவைத்தால், எல்லா உறுப்பும் ஒற்றை எழுத்தாக இருக்கும்போது இடைவெளியின்றிச் சேர்க்கும். இல்லையேல் இடைவெளிவிட்டுச் சேர்க்கும். ப, ல என்று கொடுத்தால் ‘பல’ கிடைக்கிறது. அ, ம், மா என்று கொடுத்தாலோ ‘அ ம் மா’ என்று பிரிந்தே நிற்கிறது. ஆங்கில எழுத்துகளைக் கொண்டு எழுதிய பயிற்சித்தாளை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புவது எனக்கு உடன்பாடில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

மாணவியிடம் நான் இலக்கண நூலை எடுத்துக் காட்டவில்லை. ‘இன்டல் செக்மென்ட்டர்’ என்ற வசதி ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது; 2024 முதல் ஃபயர்பாக்ஸ் உட்பட முதன்மை உலாவிகள் அனைத்திலும் கிடைக்கிறது. அது குறியீடுகளை எண்ணாமல் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஓர் உறுப்பாகப் பிரிக்கும். அதைக் கொண்டு பிரித்தோம். வி, க, ட, க, வி. திருப்பித் தொடுத்தோம். ‘ஆம்’ என்று வந்தது. அம்மாணவி குறிப்பேட்டில் தம் முதல் ஊகத்துக்கு நேரே சரி என்று தாமே குறியிட்டுக்கொண்டார்.

அதோடு விட்டாரா? அடுத்து ‘தேரு வருதே’ என்று உள்ளிட்டார். ‘இல்லை’ என்றது. இம்முறை அவர் என்னைக் கேட்கவில்லை. திருப்பிய சரத்தைத் தாமே திரையில் வரவழைத்து, அணியின் ஒவ்வோர் உறுப்பையும் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஐந்துக்குப் பதில் ஆறு வந்தது. இரண்டு சொற்களுக்கிடையே இருந்த இடைவெளியைக் கண்டுபிடிக்க அவருக்கு நான்கு நிமிடம் ஆயிற்று.