நம் ஊரும் நூலும்



நம் பள்ளிபாளையத்தில் நூல் என்று சொன்னால் முதலில் ஞாபகம் வருவது தறி நூல்தான். ஆனால் படிக்கிற நூலுக்கும் நம் ஊருக்கும் சொந்தம் உண்டு. 1960-ல் நிறுவப்பட்ட சேஷசாயி காகித ஆலை இங்கேதான் இருக்கிறது. கரும்புச் சக்கையும் மரக்கூழும் இங்கே தாளாகி, எங்கெங்கோ நோட்டாகவும் புத்தகமாகவும் போகின்றன. காகிதம் செய்கிற ஊரில் இருக்கும் நாம் எத்தனை புத்தகம் வாசித்திருக்கிறோம்? பாடப்புத்தகத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது!

"இந்தக் காலத்துப் பிள்ளைங்க செல்போனைக் கட்டிக்கிட்டு அழுவுதுங்க" என்று பெரியவர்கள் திட்டுகிறார்கள். சரி, செல்போனைப் பிடுங்கி வைத்தால் புத்தகத்தின் மேல் ஆசை வந்துவிடுமா? வராது. என் தம்பியைப் பார்த்துச் சொல்கிறேன்.

அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 2020-ல். கொரோனாவால் பள்ளி பூட்டிக் கிடந்தது. 2021 நவம்பர் 1-ம் தேதி திறந்தபோது அவன் இரண்டாம் வகுப்பு. அதுவரை அவனுக்குப் பள்ளிக்கூடமே செல்போன்தான். அதுவும் அப்பா தறி வேலை முடிந்து போனோடு வீட்டுக்கு வந்த பிறகுதான். அதனால் மேல் வகுப்புக்குப் போயும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். ஒருநாள் வகுப்பில் வாய்விட்டுப் படித்தபோது பையன்கள் சிரித்துவிட்டார்கள். அதோடு சத்தம் போட்டுப் படிப்பதையே விட்டுவிட்டான். செல்போன் யாரையும் பார்த்துச் சிரிக்காது அல்லவா? அதையே பிடித்துக்கொண்டான். அப்பா போனை வாங்கிப் பீரோவில் வைத்தார். அவன் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்தானே தவிர, புத்தகத்தைத் தொடவில்லை.

அவனை மாற்றியது எங்கள் அம்மாயி. அம்மாயிக்குப் படிக்கத் தெரியாது. சின்ன வயசிலிருந்து தார் சுற்றியவர். தறிச் சத்தத்தில் காதும் கொஞ்சம் மந்தம். 2023-ல் பள்ளிக்கல்வித் துறை தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பார்த்திருப்பீர்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். தம்பி ஒரு 'நட' புத்தகம் கொண்டுவந்திருந்தான். அம்மாயி படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல என்ன சாமி எழுதியிருக்குது? எனக்குப் படிச்சுக் காட்டு. சத்தமாப் படி கண்ணு, காது கேக்க மாட்டீங்குது" என்றார்.

அவன் எழுத்துக்கூட்டினான். அவன் நின்ற இடத்திலெல்லாம் அம்மாயி, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சின்னப் புத்தகம் முடிய இரண்டு ராத்திரி ஆனது. மூன்றாம் நாள் அவனே இன்னொன்று வாங்கி வந்தான். கேட்டதற்கு, "அம்மாயி காத்துக்கிட்டிருக்குமல்ல" என்றான்.

வாசிக்கிற பிள்ளைக்குக் கேட்கிற காது ஒன்று வேண்டும். இதுதான் நான் சொல்ல வந்தது.

புத்தகத்துக்கு இன்று பஞ்சம் இல்லை. 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கிராமங்களுக்கு மாட்டுவண்டியில் நூலகம் போனதாம்! இப்போது நாம் காவேரிப் பாலத்தைத் தாண்டினால் போதும், ஈரோட்டில் 2005-ல் தொடங்கிய புத்தகத் திருவிழா ஆகஸ்ட் மாதம் நடக்கிறது. உண்டியலில் காசு சேர்த்துப் புத்தகம் வாங்கலாம். கேட்கிற காதை எந்தக் கடையில் வாங்குவது? அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! வீட்டில் தம்பி, தங்கை புத்தகத்தைத் திறந்தால் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள். தப்பாகப் படித்தால் சிரிக்காதீர்கள். ஆசிரியர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள்: கதைப் புத்தகம் படித்த பிள்ளையிடம் கேள்வி கேட்டு மார்க் போட வேண்டாம் ஐயா. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஆசையாகக் கேளுங்கள், போதும்.

தம்பி இப்போது ஆறாவது. இன்னும் வேகம் வரவில்லை. ஆனால் வாயைத் திறந்து படிக்கிறான்.

நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தறியை ஓட்டுகிற ஊர் நம் ஊர். வாசிப்பு அறுந்துபோன பிள்ளைகளுக்கும் நாமே முடிச்சுப் போடுவோம்!

– பத்தாம் வகுப்பு மாணவி