ஏட்டிலுள்ள தேர்ச்சியும் வாங்கிலுள்ள பிள்ளையும்

கல்வித் துறையிலே நல்ல நோக்கங்களுக்கு என்றும் பஞ்சம் இருந்ததில்லை. அந்நோக்கங்கள் காரியாலயத்தினின்றும் புறப்பட்டு, வகுப்பறையின் கடைசி வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் வந்து சேர்கின்றனவா என்பதே கேள்வி. யாழ்ப்பாணத்தவராகிய நாம் இதனை எமது வரலாற்றிலிருந்தே கற்றிருக்கின்றோம். 1930ஆம் ஆண்டளவில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கப்படல் வேண்டும் என்ற விதி பிறந்தது. விதி பிறந்த அன்றே தரையிலிருந்த பிள்ளை வாங்கில் ஏறிவிடவில்லை. எதிர்ப்புக் கிளம்பிற்று, பாடசாலைகள் சில எரிக்கவும்பட்டன. எழுத்திலிருந்த நீதியை நடைமுறையாக்குவதற்கு, அதற்காக நின்று போராடும் மனிதர் வேண்டியிருந்தது.

பாடத்திட்டம் கூறும் தேர்ச்சிகளின் கதையும் ஒருவகையில் இதுவே. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தங்களின் பின் ‘தேர்ச்சி’ என்ற சொல் இலங்கை ஆசிரியர்களின் நாவில் நிலைபெற்றது. 2007இல் ஆறாம், பத்தாம் தரங்களில் தேர்ச்சி மையப் பாடத்திட்டம் புகுத்தப்பட்டது. பிள்ளை எதை அறிந்திருக்கிறது என்பது மட்டும் போதாது, அறிந்ததைக் கொண்டு எதைச் செய்ய வல்லது என்பதே அளவுகோல் என்றது அத்திட்டம்.

அவ்வாண்டிலே நாம் உடுவிலிலிருந்து சைக்கிளிற் சென்று படித்த பத்தாந்தர மாணவர். ஏ-9 வீதி மூடப்பட்டு, குடாநாடு கப்பற் சரக்கை எதிர்பார்த்திருந்த காலம் அது. எமது ஆசிரியர்கள் புதிய வழிகாட்டி நூலின் ஒரே பிரதியை முறைவைத்து வாசித்ததை நாம் கண்டிருக்கின்றோம். இன்றோ, மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் வழிகாட்டி ஒவ்வோர் ஆசிரியரின் கைப்பேசியிலும் கிடக்கிறது. நூலுக்குத் தட்டுப்பாடு நீங்கிற்று. ஆயின், நூலுக்கும் பாடவேளைக்கும் இடையிலுள்ள தூரம் நீங்கிற்றா?

ஓர் உதாரணம் கூறுவோம். தேவைக்கேற்ப முறைசார் கடிதம் எழுதும் ஆற்றல் மாணவரிடம் வளரவேண்டும் என்பது தமிழ்ப் பாடத்தின் எதிர்பார்ப்புகளுள் ஒன்று. நடப்பது என்ன? தேர்ச்சி மட்டம் பாடக் குறிப்பிலே பிழையின்றி எழுதப்படுகிறது. கரும்பலகையில் மாதிரிக் கடிதம் ஒன்று எழுதப்படுகிறது. பிள்ளைகள் அதனைக் கொப்பியில் இறக்குகின்றனர்; பரீட்சைக்கு மனனம் செய்கின்றனர். குறிப்பேட்டைப் பார்வையிடுவோர்க்குத் திருப்தி. பிள்ளைக்கோ கடிதம் எழுதத் தெரியாது.

இக்குறையைப் பணமுள்ள வீடு மாலையிலே தனியார் கல்வி நிலையத்தில் நிரப்பிக்கொள்கிறது. உடுவிலின் செம்மண் தோட்டங்களிலே வெங்காயம் நடவும் கிண்டவும் நாட்கூலிக்குச் செல்லும் தாயின் பிள்ளைக்கு அந்த மாலை வகுப்பு இல்லை. பாடசாலையிற் கிடைக்காதது அதற்கு எங்குமே கிடைக்காது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, பாடசாலைக் கதவைத் திறந்தது. திறந்த கதவினுள்ளே நுழைந்த பிள்ளை வெறுங்கையோடு திரும்புமாயின், அவ்வுரிமை பாதியளவே நிறைவேறியதாகும்.

அயற் பாடசாலைகளிலே தமிழ் கற்பிக்கும் நாம் நால்வர் கடந்த மூன்று தவணைகளாக இரு கிழமைக்கொருமுறை ஒருவர் வீட்டு விறாந்தையிற் கூடி வருகின்றோம். ஒரு கூட்டத்துக்கு ஒரு தேர்ச்சி மட்டத்தை மட்டும் எடுப்போம். மூன்று கேள்விகளைக் கேட்போம். இதனை அடைந்த பிள்ளை எதைச் செய்யும்? அதைச் செய்வதற்கு எவ்வெவற்றை முன்னரே பழகியிருத்தல் வேண்டும்? அது நிகழ்ந்ததை அப்பிள்ளையின் கொப்பியில் எவ்வாறு காண்போம்?

கடிதப் பாடத்தை இவ்வாறு பிரித்தபோது நான்கு சிறு வேலைகள் கிடைத்தன: வாசிப்பவர் யாரென அறிதல், உண்மைகளைத் திரட்டல், கோரிக்கையை ஒரே வசனத்திற் கூறல், மரியாதை தவறாத சொற்களைத் தெரிதல். மாரியில் மழைநீர் தேங்கும் ஒழுங்கை ஒன்றைப் பற்றிப் பிரதேச சபைக்கு எழுதுவதெனத் தீர்மானித்தோம். எத்தனை வீடுகள், எத்தனை நாட்கள், யாருக்கு இடர் எனப் பிள்ளைகள் விசாரித்து வந்தனர். எழுத்திலே பின்தங்கியவன் எனப்பட்ட ஒரு மாணவன், வெள்ளம் எந்த மதகில் அடைபடுகிறது என்பதைப் படம் வரைந்து காட்டினான். தகப்பனாரோடு தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிப் பழகியவன் அவன். நீரின் போக்கை வகுப்பிலே அவனளவுக்கு அறிந்தவர் இலர். பின்னர் கொப்பிகளை நால்வரும் சேர்ந்து வாசித்தோம். உண்மைகள் நிறைந்திருந்தன, கோரிக்கையோ பலவற்றில் மங்கியிருந்தது. ஆகவே, அடுத்த பாடவேளையிற் கோரிக்கை வசனத்தை மட்டுமே எழுதிப் பழகினோம். வழிகாட்டியில் ஒரு வரியாயிருந்தது, எமது வகுப்பில் நான்கு பாடவேளைகளாயிற்று.

இது புதுமையன்று. யப்பானிய ஆசிரியர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, பாடத்தைக் கூடித் திட்டமிட்டு, ஒருவர் கற்பிக்க ஏனையோர் பிள்ளைகளை அவதானித்து, பின்னர் கலந்துரையாடும் வழக்கத்தைக் கைக்கொண்டு வருகின்றனர். அங்கே ஆராயப்படுவது ஆசிரியரின் குறையன்று, பிள்ளையின் கற்றல்.

“பரீட்சை வருகிறதே, பாடத்தை முடிக்க வேண்டாமா?” என நண்பர்கள் வினவுவர். நியாயமான வினாவே. சாதாரண தரப் பரீட்சையின் நெருக்குதலை அறியாத ஆசிரியர் உளரா? ஆனால், மனனம் செய்த கடிதம் வினா சற்றே மாறியவுடன் கைவிட்டுவிடும். எழுதப் பழகிய கை எந்த வினாவுக்கும் எழுதும். எல்லாத் தேர்ச்சிகளையும் இவ்வாறு விரித்தல் இயலாது. தவணைக்கு மூன்றை விரிப்பினும் பிள்ளைகளின் எழுத்து மாறக் காண்கின்றோம்.

எனினும், விறாந்தைக் கூட்டம் நால்வரின் ஆர்வத்தில் தங்கியது. ஆர்வம் தளர்ந்தால் அதுவும் தளரும். வீட்டுப் பொறுப்பு மிகுந்த ஆசிரியைகளுக்கு மாலைப்பொழுது கிடைப்பதுமில்லை. ஆகவே, கூடித் திட்டமிடுவதற்கும் கொப்பிகளைக் கூடி வாசிப்பதற்கும் கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் நேரசூசியிலேயே ஒதுக்கப்படல் வேண்டும். சம்பளத்துக்காகக் குரலெழுப்பும் எமது சங்கங்கள் இதனையும் ஒரு தொழில் உரிமையாகக் கோரல் வேண்டும். ஆசிரியராகப் போகும் மாணவ நண்பர்களும் இன்றே இப்பழக்கத்தைத் தொடங்கலாம். ஒரு தேர்ச்சியை எடுங்கள், இருவர் கூடுங்கள், பிள்ளை எதைச் செய்யும் என்று கேளுங்கள்.