பத்து நிமிடத்தில் வாங்கும் வெந்நீர்

பெங்களூரில் சொந்த வீடு கட்டுகிறவர்கள் தரை டைல்ஸைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் எடுத்துக்கொள்கிறார்கள். சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட்டா பச்சை கிரானைட்டா என்று குடும்பமே கூடிப் பேசுகிறது. வாசல் கதவுக்குத் தேக்கு தேடி நாலு மரக்கடை ஏறி இறங்குகிறார்கள். கீசருக்கு மட்டும் பத்து நிமிடம். அதுவும் கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, எலக்ட்ரீஷியன் எழுதிக்கொடுத்த துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு. கடைக்காரர் இரண்டு விலை சொல்வார். குறைந்த விலை ஜெயிக்கும்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு அடுத்த பத்து வருடம் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும் என்பது கடையில் யார் நினைவுக்கும் வருவதில்லை. டைல்ஸுக்கு மீட்டர் ஓடாது. கீசருக்கு ஓடும்.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. நான்கு பேர் உள்ள குடும்பம். ஆளுக்கு ஒரு பக்கெட், 20 லிட்டர். டிசம்பர் காலையில் மேல்தொட்டித் தண்ணீர் 20 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதை உடம்புக்கு இதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர, 80 லிட்டருக்கும் சேர்த்து ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரம் வேண்டும். மாதத்துக்கு 60 யூனிட். ஷவருக்கு அடியில் கால் மணி நேரம் நிற்கும் கல்லூரிப் பையன் இருந்தால் இன்னும் ஏறும். எந்தக் கம்பெனியின் மின்சார கீசரும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. மின்சாரத்தை வெப்பமாக்கும் வேலையில் மலிவான கீசரும் விலை கூடிய கீசரும் ஒன்றுதான். வித்தியாசம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. காய்ந்த தண்ணீர் குளிக்கும்வரை சூடு ஆறாமல் இருக்கிறதா என்பது ஒன்று. அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்குப் பதில், பெட்டிமேல் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரை. தொட்டியைச் சுற்றியுள்ள உறை எவ்வளவு நேரம் சூட்டைப் பிடித்து வைக்கிறது என்பதைத்தான் அந்த நட்சத்திரங்கள் சொல்கின்றன. ஆறு மணிக்கு ஸ்விட்சைப் போட்டு ஆறரைக்குக் குளித்து அணைத்துவிடும் வீட்டில் ஐந்து நட்சத்திரத்தால் பெரிய லாபம் இல்லை. காலையில் போட்ட ஸ்விட்சை ராத்திரிவரை யாரும் அணைக்காத வீட்டில் அந்த நட்சத்திரங்கள் காசு மிச்சம் பிடிக்கும். எந்த வீடு எப்படிப்பட்டது என்பது வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். ஆனால் கடையில் அதை யாரும் அவரிடம் கேட்பதில்லை.

முன்பெல்லாம் வெந்நீரின் விலை கண்ணுக்குத் தெரிந்தது. கர்நாடகத்துப் பழைய வீடுகளில் குளியலறை மூலையில் அடுப்பு கட்டி, அதன்மேல் ஹண்டே என்ற பெரிய செம்புப் பாத்திரத்தைப் பதித்திருப்பார்கள். தீபாவளிக்கு முந்தின மாலை அதைத் துலக்கி, கோலமிட்டு, தண்ணீர் நிரப்புவதே ஒரு பண்டிகை. விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கு அதில்தான் வெந்நீர். எத்தனை விறகு எரிந்தது என்று அடுப்பு ஊதியவருக்குத் தெரியும். புகையில் கண் எரிந்ததும் அவருக்குத்தான். விறகு போய் ஸ்விட்ச் வந்தபோது புகையோடு கணக்கும் மறைந்துவிட்டது.

மறைந்த கணக்கு மின்சார நிறுவனத்தின் தலையில் போய் விழுந்தது. சாதாரண கீசர் ஒன்று 2 கிலோவாட் இழுக்கும். ஒரு லட்சம் வீடுகளில் காலை ஏழு மணிக்கு ஒரே சமயத்தில் போட்டால் 200 மெகாவாட். ராய்ச்சூர் அனல் மின் நிலையத்தின் பெரும்பாலான யூனிட்டுகள் ஒவ்வொன்றும் 210 மெகாவாட் திறன் கொண்டவை. அதாவது, லட்சம் பேர் குளித்து முடிக்க ஒரு கொதிகலனும் டர்பைனும் தனியாக ஓட வேண்டும். நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் மின்சாரமாகிறது. மீதி வீண். அப்படி வந்த மின்சாரத்தைக் குளியலறையில் மறுபடி வெப்பமாக மாற்றுகிறோம்.

இதனால்தான் கர்நாடகம் 2007ல் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்குச் சூரிய வெந்நீர்க் கருவியைக் கட்டாயமாக்கியது. அது இல்லாவிட்டால் மின் இணைப்பு கிடையாது. அதற்கு முன்பே பெங்களூர் மொட்டை மாடிகளில் இந்தக் கருவிகள் அதிகம். தயாரிப்பவர்களும் பழுது பார்ப்பவர்களும் ஊரிலேயே இருந்தார்கள். ஊரின் தட்பவெப்பமும் ஒத்துழைத்தது. கருவி எளிமையானது. 2 சதுர மீட்டர் தகடு வெயிலில் காய்கிறது. சூடேறிய தண்ணீர் தானே மேலே ஏறித் தொட்டியில் சேர்கிறது. பம்பு கூடத் தேவையில்லை. நல்ல வெயில் நாளில் 100 லிட்டர் தண்ணீர் 60 டிகிரியை எட்டும்.

ஆனால் சட்டத்தால் கருவியை மாடிமேல் ஏற்ற முடிந்ததே தவிர, அதைச் சரியாகப் பயன்படுத்த வைக்க முடியவில்லை. மழைக்காலத்துக்கு என்று தொட்டிக்குள் ஒரு மின்சாரக் காயில் வைத்திருப்பார்கள். ஆகஸ்டில் போட்ட அந்த ஸ்விட்சை அக்டோபரில் அணைக்க மறந்த வீடுகள் உண்டு. அங்கே மாடியில் இருப்பது சூரியக் கருவி அல்ல, 200 லிட்டர் கீசர். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, குழாயில் படிந்து அடைக்கிறது. பல அடுக்குமாடிகளில் மேலே இருக்கும் ஒன்றிரண்டு தளங்களுக்கு மட்டுமே சூரிய வெந்நீர். கீழ்த்தளத்தில் குழாயைத் திறந்தால் முதலில் வருவது பச்சைத் தண்ணீர். முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் இறங்கினால் அதற்குள் மட்டும் ஏறத்தாழ 4 லிட்டர் நிற்கும். 2024 கோடையில் டாங்கர் லாரிக்காகத் தெருவில் காத்திருந்த ஊருக்கு அது சின்ன விஷயமில்லை.

ஆகவே, “சோலாரா? வேண்டாம் சார், எங்க மச்சான் வீட்டுல பட்ட பாடு போதும்” என்று ஒருவர் சொன்னால் அவரை அறியாதவர் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவர் சொல்வது பெரும்பாலும் உண்மை. பதிலும் உண்மையாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால், வீட்டுத் தண்ணீர் தகட்டுக்குள் போகாமல் வெளியே நின்று சூடேறும் அமைப்பைக் கேட்டு வாங்கலாம். குளியலறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, தொட்டிக்கு நேர் கீழே அமைத்துக் குழாய்க்கு உறை போட்டால் வீணாவது பெருமளவு குறையும். மாடியே சொந்தமில்லாத ஃப்ளாட்காரருக்கு சூரியனைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பால்கனியில் இடமிருந்தால் அவருக்கு ஹீட் பம்ப் இருக்கிறது. ஃபிரிட்ஜ் உள்ளிருக்கும் சூட்டை வெளியே தள்ளுவதுபோல இது வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீரில் சேர்க்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும். விலை அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேஸ் கீசர் பற்றியும் மழுப்பக் கூடாது. செலவு குறைவு, சிக்கனமானது. ஆனால் ஜன்னல் சாத்திய சின்னக் குளியலறைக்குள் மாட்டினால் அது வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. குளிக்கப் போனவர்கள் உயிரோடு திரும்பாத வீடுகள் இருக்கின்றன. மாட்டினால் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். மிச்சம் பிடிப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

எல்லாம் சொன்ன பிறகும் ஒரு முடிச்சு பாக்கி. கீசரை வாங்குபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர். வீட்டுச் சொந்தக்காரர் மலிவானதை மாட்டுகிறார்; வாடகைக்கு வந்தவர் கட்டுகிறார். ஃப்ளாட் கட்டும் பில்டருக்கும் இதே கதைதான். போதாக்குறைக்கு 2023ல் கர்நாடக அரசு கிருஹ ஜோதித் திட்டத்தைக் கொண்டுவந்தது. தொடங்கியபோது, வீட்டின் முந்தைய சராசரிக்கு மேல் 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 200 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்பது விதியாக இருந்தது. பில்லே பூஜ்யம் என்றால் யாருக்கு என்ன அக்கறை என்று தோன்றும். உண்மையில் வரம்பு தாண்டாமல் இருக்க அக்கறை இரட்டிப்பாகத் தேவை. மாத உபயோகம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் வீட்டின் தலையில். 150 யூனிட்டில் வாழும் குடும்பத்தை அந்தக் கோட்டுக்கு அப்பால் தள்ள 60 யூனிட் வெந்நீர் போதும்.

நாட்டின் மின் பற்றாக்குறை, பூமியின் சூடு என்று ஆரம்பித்தால் வீடு கட்டுகிறவர் தலையாட்டிவிட்டு மலிவான கீசரையே வாங்குவார். அவருக்கு வேண்டியது வேறு. ஆறு மணிக்கு அம்மா குளித்து, ஏழுக்குக் குழந்தைகள் குளித்து, எட்டு மணிக்குத் தனக்கும் வெந்நீர் மிஞ்சுமா? இந்தக் கேள்விக்கு நேரான பதில் சொல்பவரையே அவர் நம்புவார். பெரும்பாலும் அந்த நபர் பிளம்பர்தான். அவருக்கு விஷயம் புரிந்தால் தெருவுக்கே புரிந்த மாதிரி.

இன்னொன்று, நேரம். குளியலறை எங்கே, குழாய் எந்த வழியில், மாடியில் எந்தப் பக்கம் நிழல் விழாது என்பதெல்லாம் சுவர் பூசும் முன்பே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல யோசனை சொன்னாலும் புது டைல்ஸை உடைக்க யாருக்கும் மனசு வராது. சொல்ல நினைப்பவர்கள் வீடு ஜன்னல் மட்டத்தில் நிற்கும்போதே போய்ச் சொல்லட்டும். டைல்ஸ் கடைக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சரியாக இருக்கும்.