குரலை யார் பிரித்துப் பார்த்தார்கள்?

'படைப்பு வேறு, படைப்பாளி வேறு' என்ற வாக்கியத்தை 2018 அக்டோபருக்குப் பிறகு கேட்ட அளவுக்கு நான் அதற்கு முன் கேட்டதில்லை. இலக்கியக் கூட்டங்களுக்கெல்லாம் போகிறவள் அல்ல நான். வள்ளூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும் ஊரில் வளர்ந்தவள். மீஞ்சூரில் ரயிலேறிக் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, கம்பெனி பஸ் பிடித்து, சிப்காட்டில் பதினாறு ஆண்டுகளாகத் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்த வாக்கியத்தை நான் கேட்டது ரயிலில், பஸ்ஸில், கேண்டீன் மேசையில்.

காலை ஷிப்டு பஸ்ஸில் டிரைவர் அண்ணன் பாட்டுப் போடுவார். தடா, சூலூர்பேட்டை பக்கமிருந்து வரும் பெண்களுக்கு ஒரு தெலுங்குப் பாட்டு, எங்களுக்கு ஒரு தமிழ்ப் பாட்டு என்று கணக்கு. இரண்டிலும் அடிக்கடி வரும் குரல் சின்மயியுடையது. தெலுங்குப் பெண்களுக்கு அது சமந்தா பேசும் குரல். எங்களுக்கு அது 'விண்ணைத்தாண்டி வருவாயா'வில் த்ரிஷா பேசிய குரல். தூக்கம் கலையாத அந்த நேரத்தில் இரண்டு மொழிக்காரிகளையும் சேர்த்து முணுமுணுக்க வைத்த குரல்.

அந்த அக்டோபரில் சின்மயி, கவிஞர் வைரமுத்து தனக்குப் பாலியல் தொல்லை கொடுத்தார் என்று பொதுவெளியில் குற்றம்சாட்டினார். பல ஆண்டுகளுக்கு முன் சுவிட்சர்லாந்தில் ஒரு நிகழ்ச்சிக்குப் போயிருந்தபோது நடந்ததாக ஒன்றைச் சொன்னார். பாடகி புவனா சேஷன் உள்ளிட்ட வேறு சில பெண்களும் குற்றம்சாட்டினார்கள். வைரமுத்து மறுத்தார், எல்லாம் பொய், வழக்குத் தொடுத்தால் சந்திக்கத் தயார் என்றார். இந்தக் குற்றச்சாட்டுகளை எந்த நீதிமன்றமும் உறுதி செய்யவில்லை. அந்தத் தீர்ப்பை எழுத நான் இங்கே உட்காரவில்லை. குற்றச்சாட்டுக்குப் பிறகு யாருக்கு என்ன நடந்தது என்பது மட்டும் எல்லோர் கண்ணெதிரிலும் இருக்கிறது. அதைத்தான் எழுத வந்தேன்.

"அவங்க பிரச்சினை அவங்களுக்கு. பாட்டு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் அக்கா. நியாயமான கேள்விதான். 1980-இல் 'நிழல்கள்' படத்தில் எழுதத் தொடங்கியவர் வைரமுத்து. ஏழு முறை சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருது வாங்கியவர். 'கள்ளிக்காட்டு இதிகாசம்' நாவலுக்கு 2003-இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. 2014-இல் பத்மபூஷண். நாங்கள் தாலாட்டிய, அழுத, காதலித்த பாட்டுகள் அவருடையவை. அவற்றைப் பிடுங்கி எறி என்றால் நெஞ்சிலிருந்து எதைப் பிடுங்குவது?

ஆனால் அந்த விருதுப் பட்டியலை ஒருநாள் நிதானமாகப் படித்துப் பார்த்தேன். அதில் 1994-இல் வந்த 'கருத்தம்மா' இருக்கிறது; பெண் சிசுக்கொலையைப் பேசிய படம். தாயின் பாடுகளைச் சொன்ன 'தென்மேற்குப் பருவக்காற்று' இருக்கிறது. 2002-இல் வந்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' இருக்கிறது. அதில் விருது பெற்றது, தாய் தன் மகளைப் பார்த்துப் பாடும் பாட்டு. அதைப் பாடியவர் சின்மயி, உடன் பாடியவர் ஜெயச்சந்திரன். சின்மயியின் முதல் திரைப்பாடல் அது. அப்போது அவருக்குப் பதினேழு வயது.

படைப்பாளியைப் பிரித்துவிட்டுப் படைப்பைப் பார் என்கிறவர்களிடம் எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பாட்டில் படைப்பாளி யார்? சொல் வைரமுத்துவுடையது, மெட்டு ஏ.ஆர்.ரகுமானுடையது, குரல் அந்தச் சிறு பெண்ணுடையது. 'படைப்பைக் காப்பாற்றுங்கள்' என்று சொன்ன யாருடைய மனதிலாவது இந்தக் குரலும் ஒரு படைப்பு என்பது வந்ததா?

அந்தக் குரலுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். அதே 2018 அக்டோபரில்தான் '96' வெளியானது. த்ரிஷாவுக்குக் குரல் கொடுத்தவரும் சின்மயி, பாட்டுப் பாடியவரும் சின்மயி. ஊரே அந்தக் குரலைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. நவம்பரில் டப்பிங் கலைஞர்கள் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கியது. சந்தா கட்டவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர் நடிகர் ராதாரவி. அவர்மீது எழுந்த புகார்களையும் சின்மயி வெளிப்படையாகப் பேசியிருந்தார். த்ரிஷாவுக்குத் தமிழில் மீண்டும் அவர் குரலைக் கேட்க 2023-இல் 'லியோ' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் ஐந்து ஆண்டுகள்.

அந்த ஐந்து ஆண்டுகளில், 'அவருடைய புகார் வேறு, அவருடைய குரல் வேறு. இரண்டையும் பிரித்துப் பாருங்கள்' என்று எத்தனை பேர் மேடையேறிப் பேசினார்கள்? குற்றம்சாட்டப்பட்டவரின் தமிழைக் குற்றச்சாட்டிலிருந்து கவனமாகப் பிரித்து எடுத்து வைத்தோம். குற்றம்சாட்டியவரின் தொழிலைப் புகாரோடு சேர்த்துக் கட்டிப்போட்டோம்.

இது சினிமாக்காரர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைத்துவிடாதீர்கள். என் வேலையிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்; அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். பிளாஸ்டிக் உதிரிபாகம் செய்யும் மோல்டிங் பிரிவில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். டை மாற்றுவதில் அவரை அடிக்க ஆள் இல்லை. மற்றவர்கள் மூன்று மணி நேரம் எடுக்கும் வேலையை ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பார். காண்ட்ராக்டில் வேலைக்கு வந்த இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி, அவர் இரவு ஷிப்டில் தன்னிடம் தவறாக நடந்துகொள்கிறார் என்று எழுதிக் கொடுத்தாள். எழுதும்போது பக்கத்தில் இருந்தவள் நான்.

"அக்கா, இத குடுத்தா என்னை வேலைக்கு வெச்சிருப்பாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக 2013-இல் வந்த சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும் என்கிறது. மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கூட்டித் தரலாம். விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும். எங்கள் இடத்திலும் குழு இருந்தது, விசாரணையும் நடந்தது. ஆனால் விசாரணை முடியும் முன்பே ஷாப் ஃப்ளோரில் தீர்ப்பு வந்துவிட்டது. "அவரு இல்லன்னா லைனு நின்னுடும். ஆள் எப்படியோ, வேலைல கெட்டிக்காரரு." இதைச் சொன்னவர்களில் பெண்களும் உண்டு. படைப்பு வேறு, படைப்பாளி வேறு என்பதை எங்கள் ஊர் மொழியில் இப்படிச் சொல்வார்கள்.

அந்தப் பெண்ணின் வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. அவளுக்கும் கைத்திறமை இருந்தது. பெட்டியிலிருந்து பீஸை எடுத்து விரலால் ஓரத்தைத் தடவியே எது சரியாக நிரம்பாதது, எதில் மயிரிழை விரிசல் என்று சொல்லிவிடுவாள். கருவி வைத்து நான் பார்க்கும்போது அவள் ஒதுக்கியது அநேகமாக ரிஜெக்‌ஷனாகவே இருக்கும். இப்படி ஒரு கையை இழந்தால் தரம் கெடும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கு எச்சரிக்கைக் கடிதமும் வேறு ஷிப்டும் கிடைத்தன. அடுத்த மாதம் காண்ட்ராக்டர் அனுப்பிய பட்டியலில் அவள் பெயர் இல்லை.

'இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை?' என்பது சின்மயியிடம் எல்லோரும் கேட்டது. எங்கள் ஊர்ப் பெண் மூன்று மாதத்துக்குள் சொன்னாள். சட்டம் கேட்ட தாளில், சட்டம் கேட்ட நாளில் சொன்னாள். அவளுக்குக் கிடைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள், தங்களுக்கு ஏதாவது நடந்தால் எத்தனை வருஷம் கழித்துச் சொல்வார்கள்? 2021 பிப்ரவரியில் டெல்லி நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொன்னது. முன்னாள் மத்திய அமைச்சர் எம்.ஜே.அக்பர் தொடுத்த அவதூறு வழக்கிலிருந்து பத்திரிகையாளர் பிரியா ரமணியை விடுவித்தபோது, பல பத்தாண்டுகள் கழித்தும் ஒரு பெண் தன் குறையைச் சொல்லலாம் என்றும், ஒருவரின் நற்பெயரைக் காக்க ஒரு பெண்ணின் கண்ணியத்தை விலையாகக் கொடுக்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

'ஒரு குற்றச்சாட்டுக்காக நாற்பதாண்டு உழைப்பை அழிப்பதா' என்றும் கேட்கிறார்கள். எது அழிந்தது? பாட்டுகள் ஒலிக்கின்றன. 2024 ஜனவரி முதல் நாள், வைரமுத்துவின் 'மகா கவிதை' நூலை முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் வெளியிட்டார். கமல்ஹாசனும் ப.சிதம்பரமும் விழாவில் இருந்தார்கள். அழிவு என்றால் இப்படியா இருக்கும்?

ஒருமுறை ஒரு மேடை தயங்கியது. அதுவும் பக்கத்து மாநிலத்தில். 2021 மே மாதம் மலையாளக் கவிஞர் ஓ.என்.வி. குறுப்பு பெயரிலான விருது வைரமுத்துவுக்கு அறிவிக்கப்பட்டது. மலையாளி அல்லாத ஒருவருக்கு அந்த விருது அறிவிக்கப்பட்டது அதுவே முதல் முறை. நடிகை பார்வதி உள்ளிட்ட பலர் எதிர்த்தார்கள். மறுபரிசீலனை செய்வதாக விருதுக் குழு சொன்னது. சில நாட்களில் வைரமுத்துவே விருதைத் துறப்பதாக அறிவித்தார். அங்கே யாரும் அவருடைய புத்தகத்தை எரிக்கச் சொல்லவில்லை, பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் கவிஞரின் பெயரால் மாலை போடுமுன் யோசியுங்கள் என்றார்கள். பாட்டைக் கேட்பதற்கும் மாலை போடுவதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் சரியாக அளந்தார்கள் என்று நினைக்கிறேன். கேட்பது என் காதுக்கும் பாட்டுக்கும் இடையிலான விஷயம். மேடை அப்படியில்லை. யார் சொன்னால் வாய்ப்பு கிடைக்கும், யாரைப் பகைத்தால் வாய்ப்பு போகும் என்பதைப் புதிதாக வரும் ஒரு பெண் மேடையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள்.

குற்றச்சாட்டே இல்லாமல், எழுதியவரே தன் கையால் எழுதிவைத்த ஒரு சம்பவமும் உண்டு. அதில் இருப்பவள் ஒரு தமிழ்ப் பெண். சிலி நாட்டுக் கவி பாப்லோ நெரூதா 1929-இல் கொழும்பில் தூதரக அதிகாரியாக இருந்தார், வெள்ளவத்தையில் குடியிருந்தார். தன் வீட்டுக் கழிப்பறை வாளியை எடுத்துச் சுத்தம் செய்ய வந்த பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து வன்புணர்ந்ததை, அவர் இறந்தபின் 1974-இல் வெளியான நினைவுக்குறிப்பில் அவரே எழுதியிருக்கிறார். 2018 நவம்பரில் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டும் யோசனை வந்தபோது சிலியின் பெண்ணியவாதிகள் அந்தப் பக்கத்தைக் காட்டி எதிர்த்தார்கள். சின்மயி டப்பிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்ட அதே மாதம் அது. நெரூதாவின் காதல் கவிதைகளைத் தமிழிலும் ஆசையாகப் படிக்கிறோம். அந்தப் பெண்ணின் பெயர் அவர் எழுத்தில் இல்லை. மலம் அள்ளியது அவள் வேலை. தினமும் விடியுமுன் வந்து அந்த வீட்டை நாற்றமில்லாமல் வைத்திருந்தாள். மறுநாள் அவள் வேலைக்கு வந்தாளா? வராமல் இருக்க அவளால் முடிந்ததா? அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு அந்தக் கவிதைகளைப் படிக்கலாம் என்பது என் கட்சி.

பொன்னேரியில் கல்லூரியில் படிக்கும் என் மகள் சென்ற ஆண்டு என்னிடம் வந்தாள். 'கன்னத்தில் முத்தமிட்டால்' பாட்டை ஆண்டு விழாவில் பாட ஆசை. பாடலாமா, தப்பா என்று கேட்டாள். 2025 மே மாதம் 'தக் லைஃப்' இசை வெளியீட்டு விழாவில் சின்மயி ஒரு பாட்டு பாடி, இவ்வளவு நாள் இந்தக் குரலை ஏன் விட்டோம் என்று ஊர் முழுக்கப் பேசியதை அவள் பார்த்திருந்தாள். அதற்கு முன்பு அவளுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

பாடு என்றேன். அந்தப் பாட்டை விட்டுவிட்டால் அதில் இருக்கும் பதினேழு வயதுப் பெண்ணையும் சேர்த்து விடுகிறோம் என்றேன். எழுதியவர் பெயரை மறைக்காதே, அதுவும் உண்மைதான் என்றேன். ஆனால் வழக்கமாகப் படத்தின் பெயர், இசையமைப்பாளர், கவிஞர் என்று மூன்றைச் சொல்லிவிட்டுப் பாடத் தொடங்குவார்கள். நீ நான்காவதாக ஒன்றும் சொல் என்றேன்.

மேடையில் மூன்று பெயர்களையும் சொன்னாள். பிறகு, "முதலில் பாடியவர் சின்மயி, இது அவருடைய முதல் பாட்டு" என்றாள். பின்வரிசையில் சில பெண்கள் கைதட்டினார்கள்.