பெட்டியோடு திரும்பியவள்

என் அத்தை மடத்திலிருந்து திரும்பி வந்தது 1989 ஜூன் மாதக் கடைசியில். எனக்கு அப்போது எட்டு வயது. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பம்புசெட் உள்ள வயல்களில் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. பேருந்து நிறுத்தத்திலிருந்து தகரப் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு நடந்து வந்தார். வெள்ளை உடுப்பும் முக்காடும் இல்லை. யாரோ கொடுத்த பச்சைச் சேலை, தோளில் நிற்காத ரவிக்கை.

"லீவாம்மா?" என்று அப்பாயி கேட்டார்.

"இல்லம்மா. வந்துட்டேன்."

அப்பாயி வேறெதுவும் கேட்கவில்லை. தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் பெட்டியை அவசரமாக உள்ளே இழுத்து வைத்தார். மகளை உள்ளே கூப்பிட்டது அதற்குப் பிறகுதான்.

எட்டு வருடத்துக்கு முன்னால், பத்தொன்பது வயதில், அத்தை மடத்துக்குப் போனபோது பூசையில் சாமியார் அவர் பெயரைச் சொல்லி வாழ்த்தினாராம். வீட்டில் விருந்து நடந்ததாம். முதல் வார்த்தைப்பாடு கொடுத்த அன்று எடுத்த படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருந்தது. முக்காடு, சிலுவை, சிரிப்பு. அத்தை திரும்பி வந்த பிறகும் அந்தப் படத்தை யாரும் கழற்றவில்லை. இருபத்திரண்டு வருடம், அவர் சாகும்வரை, அது அங்கேயே இருந்தது. படத்துக்குக் கீழே தினமும் கூட்டிப் பெருக்கியது அவர்தான். வீட்டுக்கு வரும் புதியவர்கள், "இது யாரு, உங்க வீட்டு சிஸ்டரா?" என்று கேட்பார்கள். "ஆமாம்" என்பார் அப்பாயி. அத்தை காபி எடுத்துவர உள்ளே போய்விடுவார்.

கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண்ணுக்குத் தமிழில் 'வாழாவெட்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. கொடிய சொல்தான். ஆனால் சொல் இருப்பதால் அந்த நிலை ஊருக்குத் தெரியும். பஞ்சாயத்து பேச ஆள் வருவார்கள், பொருளைத் திருப்பிக் கேட்பார்கள். மடத்திலிருந்து திரும்பியவளுக்கு அப்படி ஒரு சொல்கூட இல்லை. 'ஓடி வந்தவள்', 'துரத்தப்பட்டவள்' என்று ஊர் இரண்டு கதைதான் வைத்திருந்தது. இரண்டிலும் குற்றம் அவளுடையது.

எங்கள் தெருவிலேயே செமினரியை விட்டு வந்த ஒருவர் இருந்தார். லத்தீன் படித்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார் என்று ஊரில் அவருக்கு மதிப்பு. பள்ளிக்கூட வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது. கடைசிவரை 'பிரதர்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவர் விட்டு வந்ததை ஊர் ஒரு படிப்பாக எடுத்துக்கொண்டது. அத்தையின் எட்டு வருடம் அழிந்த வருடமானது.

அத்தையிடம் இயல்பாகப் பேசியவர்கள் எங்கள் வயலுக்கு வந்த நடவுப் பெண்கள். சோற்றுத் தூக்கோடு போகும் அத்தை வரப்பில் அவர்களோடு உட்கார்ந்துவிடுவார். ஏன் வந்தீர்கள் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. நட்ட வயல் வெளிறிக் கிடப்பதை அத்தை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா சொன்னது என் காதில் இருக்கிறது: "புடுங்கி நட்டதுல்ல சிஸ்டர், பச்சை புடிக்க நாலு நாளாவும்."

2011இல் அத்தை இறந்த பிறகு அந்தத் தகரப் பெட்டியைத் திறந்தேன். ஜெபமாலை, இரண்டு நோட்டு, தட்டச்சு செய்த ஒரு கடிதம். தற்காலிக வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்தது, அவர் அதைப் புதுப்பிக்கவில்லை, சபைக்கும் அவருக்கும் இனி எந்தக் கடமையும் இல்லை என்று நான்கு வரிகள். ஓடி வரவும் இல்லை, துரத்தப்படவும் இல்லை. அதைப் படித்துச் சொல்ல எங்கள் வீட்டில் ஒருவரும் இருக்கவில்லை. அத்தையும் காட்டவில்லை. காட்டும்படி நாங்கள் நடந்துகொள்ளவும் இல்லை.

பிறகுதான் திருச்சபைச் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு, நவதுறவுக்குக் குறைந்தது 12 மாதம் வைக்கிறது. அதன் பிறகு தற்காலிக வார்த்தைப்பாடு, 3 முதல் 6 வருடம். நீட்டித்தாலும் 9 வருடத்தைத் தாண்டக்கூடாது. அதற்குப் பிறகே நித்திய வார்த்தைப்பாடு. இந்தக் காலத்தை எதற்கு வைத்திருக்கிறார்கள்? யோசித்துப் பார்க்கத்தான். காலம் முடிந்ததும் வெளியேறுவது முழு உரிமை. முறையாக வெளியேறியவர் திரும்பிவர விரும்பினால், நவதுறவை மறுபடி செய்யாமலே சேர்த்துக்கொள்ளலாம் என்றுகூட 690ஆவது விதி சொல்கிறது. சட்டம் திறந்துவைத்திருக்கிற கதவை ஊர்தான் சாத்துகிறது.

ஆனால் அதே சட்டத்தின் 702ஆவது விதி வேறொன்றையும் சொல்கிறது. வெளியேறுகிறவர் தான் செய்த எந்த வேலைக்கும் சபையிடம் எதையும் உரிமையாகக் கேட்க முடியாது. சபை அவரிடம் நியாயத்தோடும் நற்செய்தி அன்போடும் நடந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். மடத்தில் இருந்த காலத்தில் ஒரு சகோதரி உழைத்துச் சம்பாதிப்பது சபைக்கே சேரும். அரசு உதவிபெறும் பள்ளிகளில் வேலை செய்யும் துறவியரின் சம்பளத்தில் வருமான வரி பிடிக்கலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வரி பிடிக்கும்போது அது அவளுடைய சம்பளம். வெளியே வரும்போது அவள் கையில் என்ன இருக்கும் என்பது மடத்துத் தலைவியின் மனதைப் பொறுத்தது. அத்தையின் கையில் பேருந்துச் செலவு போக மீதியாக இருந்தது நூறு ரூபாய்க்கும் குறைவு.

இன்னொன்றையும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வார்த்தைப்பாட்டுக்கு முன் ஒரு பெண் தன் சொத்தின் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்கிறாள். பொதுவாக உரிமை அவளிடமே இருக்கும். கிறித்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்துகிறது. தந்தை உயில் எழுதாமல் இறந்தால் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆனாலும் மடத்துக்குப் போன மகளை விட்டுவிட்டு வீட்டுப் பாகம் பிரிப்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருந்தது. அத்தை திரும்பி வந்தபோது நிலம் அண்ணன் தம்பிகள் பெயரில் இருந்தது. அவருக்குக் கிடைத்தது கொல்லைப்புற அறை.

நான் வகுப்பில் பாடம் நடத்தும்போது இது அடிக்கடி குறுக்கே வருகிறது. மணிமேகலை காவிரிப்பூம்பட்டினத்தில் தொடங்கிக் காஞ்சியில், அறவண அடிகளிடம் அறம் கேட்டு அவள் நோன்பு ஏற்பதோடு முடிகிறது. அவள் ஒருநாள் திரும்பிவர நினைத்திருந்தால் என்ற கேள்வியைக் காப்பியம் கேட்பதில்லை. பௌத்த விநய மரபில் ஒரு பிக்கு துவராடையைக் களைந்து வீட்டுக்குப் போகலாம், விரும்பினால் மீண்டும் துறவு ஏற்கலாம். தாய்லாந்திலும் மியன்மாரிலும் ஆண்கள் சில வாரம் மட்டும் துறவிருந்து திரும்புவது மரியாதைக்குரிய வழக்கம். பிக்குணி ஆடையைக் களைந்தால் மீண்டும் சங்கத்தில் சேர அந்த மரபு இடம் தருவதில்லை. மதம் மாறினாலும் பெண்ணுக்கான கணக்கு அதிகம் மாறுவதில்லை.

இந்தக் கணக்கைத் தமிழில் உடைத்துக் காட்டியவர் பாமா. ஏழை தலித் பிள்ளைகளுக்கு உதவலாம் என்று மடத்தில் சேர்ந்தவர், அங்கே சாதியையும் வசதியையும் கண்டு வெளியே வந்தார். 1992இல் 'கருக்கு' வந்தது. வெளியே வந்த பிறகு வேலையும் பிடிப்பும் இல்லாமல் தடுமாறிய நாட்களும் அந்த நூலில் இருக்கின்றன. 2000இல் லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் அதை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கேரளத்தில் சிஸ்டர் ஜெஸ்மி 2009இல் 'ஆமென்' எழுதினார். எழுதத் தெரிந்தவர்கள் எழுதினார்கள். என் அத்தையின் இரண்டு நோட்டிலும் இருந்தவை ஜெபங்களும் தையல் கணக்கும்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் என் முதுகலை வகுப்பில் ஒரு மாணவி சேர்ந்தாள். நவதுறவில் ஒன்பது மாதம் இருந்துவிட்டு வந்தவள். அவளுடைய சம்மதத்தோடு, அடையாளம் சொல்லாமல் எழுதுகிறேன். சான்றிதழ்களில் இடைவெளி இருந்ததைப் பார்த்து விசாரித்தபோது சொன்னாள். நான் கேட்ட முதல் கேள்வி, "ஏன்மா வெளியே வந்தே?"

"அது மட்டும் வேண்டாமே மேம்."

அத்தையிடம் ஊர் கேட்ட அதே கேள்வியைத்தான் நானும் கேட்டிருந்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "அது வேண்டாம். இப்ப உனக்கு என்ன வேணும்னு மட்டும் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள். போடுவதற்கு நாலு சுடிதார். கட்டணம் கட்ட அவகாசம். முடங்கிப்போன வங்கிக் கணக்கை மறுபடி திறக்கக் கூட வர ஒருவர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பக்கத்தில் உட்கார ஒருவர். எல்லாமே செய்யக்கூடியவை. கடைசியில் சொன்னதற்குத்தான் நாள் பிடித்தது. அவளுக்குத் தூக்கமே இல்லை. மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இரண்டு முறை நானும் கூடப் போனேன்.

வீட்டார் பயப்படுவது போல அவள் நம்பிக்கையை விட்டுவிடவில்லை. விட்டிருந்தாலும் அது அவள் விஷயம். மார்மன் சபையின் இளம் ஊழியர்கள் குறித்த காலத்துக்கு ஊழியத்துக்குப் போகிறார்கள்: ஆண்களுக்கு இரண்டு வருடம், பெண்களுக்கு பதினெட்டு மாதம். உடல்நலமோ மனநலமோ கெட்டு இடையில் திரும்புகிறவர்களுக்கும் வீட்டு வாசலில் இதே கேள்விதான் காத்திருக்கிறது. இருந்த மாதங்களை யாரும் எண்ணுவதில்லை, இல்லாத மாதங்களைத்தான் எண்ணுகிறார்கள். கத்தோலிக்கச் சபையிலும் பேச்சு தொடங்கியிருக்கிறது. மடத்தை விட்டு வந்து போக்கிடமில்லாத பெண்களுக்காக, குறிப்பாக வெளிநாட்டவர்களுக்காக, ரோமில் ஒரு வீட்டைப் போப் பிரான்சிஸ் ஏற்படுத்தியதாக 2020இல் துறவற சபைகளுக்கான கர்தினால் வெளிப்படையாகச் சொன்னார். அப்படி ஒரு வீடு தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ வேண்டும். அதுவரை நம் வீடுகள்தான் அந்த வீடு.

மாணவியின் அம்மா ஒருநாள் எனக்குப் போன் செய்தார். நாற்று பறிக்கும் வேலைக்குப் போகிறவர். மகள் மடத்துக்குப் போன பெருமையில் ஊரே அவளை அழைக்கும் விதத்தை மாற்றியிருந்தது.

"எல்லாரும் சிஸ்டர்னு கூப்பிட்டுப் பழகிட்டாங்க டீச்சர். இப்ப என்ன சொல்லிக் கூப்பிடுறதுன்னு தெரியாம பாத்தும் பாக்காத மாதிரி போறாங்க. நானும் அவளைக் கூப்பிடாமலே சோறு வச்சிட்டுப் போயிடுறேன். என்ன செய்யட்டும்?"

"நீங்க வச்ச பேரு இருக்குல்ல, அதைச் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. தெருவுக்குக் கேக்குற மாதிரி கூப்பிடுங்க."

போனை வைத்த பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் 'சிஸ்டர் அத்தை'. அவர் திரும்பி வந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.